எங்கள் லயத்தைப் பழசாக்கிய மாதம்

ஜூலை 2, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெளியே அடுப்பு. துபாய் கராமாவில் ரூமை விட்டு இறங்கி பஸ் நிறுத்தம் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆபீஸில் ஏ.சி. பதினெட்டு. வியர்த்தால் என் மேலதிகாரி நீலிமா மேடத்துக்குச் சிந்தனை வராதாம். இனி நீ.மே. என்றே எழுதுகிறேன். முழுப் பெயரை எழுதும் அளவுக்கு அவள் மேல் மரியாதை இல்லை.

இன்றைய வேலை: பங்களா தரைத்தள வரைபடம், மறுபடியும் திருத்தம். குளியல் தொட்டியை ஜன்னலோரம் நகர்த்த வேண்டும். விருந்தாளி குளித்துக்கொண்டே தேயிலை மலையைப் பார்க்க வேண்டுமாம். மலையில் நிற்பவர்கள் விருந்தாளியைப் பார்ப்பார்களே என்றேன்.

"அங்க யாரு இருக்கப் போறாங்க, யோகா?"

கொழுந்து தானாகப் பறந்து வந்து ஃபாக்டரியில் விழும் என்று நினைக்கிறாள் போல. என் பெயர் யோகேஸ்வரி. எட்டு வருஷமாக இந்த ஆபீஸில் யோகா.

விஷயத்தை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். போன வருஷம் லீவு முடிந்து வந்ததும் போனில் இருந்த ஊர்ப் படங்களை நீ.மே.யிடம் காட்டினேன். காட்டியது அம்மாவை. அவள் பிடித்துக்கொண்டது அம்மாவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த துரை பங்களாவை. "இது என்ன கட்டடம், யார் வைத்திருக்கிறார்கள்?" என்று நச்சரித்தாள். இங்கே பணத்தை எங்கே போடலாம் என்று அலைந்துகொண்டிருந்த ஒரு முதலாளியிடம் போய்க் காட்டினாள். இப்போது அந்த முதலாளி இலங்கையில், பதுளைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து பங்களாவை நீண்ட குத்தகைக்கு எடுத்துவிட்டார். மரபு ஹோட்டல் வரப்போகிறது. வரைபடமும் உள் அலங்காரமும் எங்கள் ஆபீஸ். வரைபவள் நான்.

சாப்பாடு: நேற்றைய குழம்பு. மைக்ரோவேவ் அருகே "என்ன நாற்றம்" என்று ஒரு குரல். கருவாடு, வேறென்ன.

ஜூலை 3, புதன்

டேமியன் வந்தான். மரபுக் கட்டட ஆலோசகர். இங்கிலாந்துக்காரன், வளைகுடாவுக்கு வந்து வெகுகாலம். மண் கோட்டை, பழைய பேரீச்சந்தோட்டத்து வீடு என்று எதைப் புதுப்பித்தாலும் இவனைக் கூப்பிடுகிறார்கள். கசங்கிய லினன் சட்டை. கசங்கியிருப்பதற்கே தனி விலை. இவனை டே. என்று எழுதப்போகிறேன். எழுதிப் பார்த்தால் திட்டுவது போல இருக்கிறது. இருக்கட்டும்.

அவன் போட்ட தரவரிசை:
பங்களா – முதல் தரம்.
பங்களாவுக்குப் பின்னால் துரைமாரின் நாய்களைப் புதைத்த இடம், பெயர் வெட்டிய கல்லோடு – முதல் தரம். யாரும் தொடக் கூடாது, சுற்றி வேலி.
ஃபாக்டரி மேல்மாடி – இரண்டாம் தரம்.
மேல் லயம் – முதல் தரம்.

"தொழிலாளர் மயானம்?" என்று கேட்டேன். வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லையே என்றான். இருக்காது. எங்கள் ஆட்களுக்குக் கல் வைக்கவில்லை. புதைத்த இடத்தின் மேலேயே தேயிலை நட்டுவிட்டார்கள். நாய்க்கு மட்டும் பேர், பிறந்த வருஷம், செத்த வருஷம், "உண்மையான நண்பன்" என்று ஒரு வரி. படத்தில் இருந்த அந்த வரியை டே. எங்களுக்கு இரண்டு தடவை உருகி உருகிப் படித்துக் காட்டினான். பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல் லயம் என்றால் நான் பிறந்த இடம். ஒரே நீளக் கட்டடம், குறுக்கே சுவர் வைத்துத் தடுத்த காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அம்மாவும் தம்பி சந்திரனும் இன்னும் அங்கேதான். தோட்டத்திலேயே முதலில் கட்டிய லயம் அதுதானாம். டே. சொன்னான், "முழுமை கெடாமல் இருந்தால் இது தங்கம்." காலி செய்து, பழையபடி மீட்டு, விருந்தாளிகளை ஒரு ராத்திரி தங்கவைக்கப் போகிறார்கள். "தொழிலாளியின் ஒரு இரவு." அதற்கு பங்களா அறையைவிட வாடகை கூடுதல். எனக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டேன்.

என் அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று வாயை விட்டுவிட்டேன். நீ.மே. நாற்காலியை விட்டு எழுந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "இதுதான் நமக்கு வேண்டிய கதை!" கதை எழுதித் தர வேண்டுமாம், அம்மாவின் வாயால். சந்தோஷமாக.

ஆனால் குத்தகைக் காகிதத்தில் ஒரு பக்கத்தைப் படித்ததும் என் சிரிப்பு நின்றது. லயத்தைத் திட்டத்துக்கு எடுத்தால், அங்கிருக்கும் குடும்பங்களுக்கு முதலாளி கீழ் ரோட்டோரச் சமதளத்தில் வீடு கட்டித் தர வேண்டும். அவரவர் பேரில் உறுதிப் பத்திரத்தோடு. குத்தகை கொடுத்தபோது அரசாங்கம் போட்ட நிபந்தனை. லயத்தை எடுக்காவிட்டால் ஒன்றும் கிடையாது, இருக்கிறபடியே இரு.

வேலை முடிந்து வெளியே வந்தும் அந்தப் பக்கம் கண்ணை விட்டுப் போகவில்லை. பத்திரம். எங்கள் பரம்பரையில் ஒருத்தர் பேரிலும் ஒரு சாண் மண் கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

லீவு நாளிலும் ஆபீஸ், ஆனால் நீ.மே. ஊரில் இல்லை. பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

ரூமில் மல்லிகா அக்கா. பட்டுக்கோட்டைக்காரி, சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கக் கட்டில். மடிக்கணினியில் தோட்டப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவ்வளவு பச்சையா? எப்பப் பாத்தாலும் ஜில்லுனு இருக்கும்ல? குடுத்து வெச்சவங்கடி நீங்க," என்றாள். ஜில்லென்று இருக்கும் அக்கா, அட்டை கடித்தால்கூடத் தெரியாது என்றேன். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அம்மாவோடு வீடியோ கால். பின் சுவர் விரிசலைக் காட்டச் சொன்னேன். போன கார்த்திகை மழையில் பின்னால் மேடு சரிந்தபோது விழுந்த விரிசல். முன்பு ஒரு விரல் போகும். இப்போது இரண்டு போகிறது. வாசலில் அதிகாரிகள் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் இருக்கிறது: மண்சரிவு அபாயம், மழைக் காலத்தில் இங்கே தங்க வேண்டாம். எங்கே தங்க வேண்டும் என்று தாளில் இல்லை. ஐப்பசி வந்தால் மழை. அதற்குள் அவர்கள் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக டே. எந்த நாயின் கல்லறைக்கு மாலை போடச் சொன்னாலும் போடுவேன்.

சொன்னேன்: இந்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு ஆள் வருவான், லயத்தைப் படம் எடுக்க. துபாய் கம்பெனி ஆள். லயம் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் புது வீடு, பத்திரத்தோடு.

"பெரிய தொரை அனுப்புற ஆளா?"

"அப்படித்தான் வெச்சுக்கம்மா."

"சரி புள்ள. நாங்க பாத்துக்குறோம். நீ ஒண்ணும் கவலப்படாத."

அம்மா இவ்வளவு உற்சாகமாகப் பேசிக் கேட்டது எப்போது என்று நினைவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நாசமாய்ப் போச்சு.

படங்கள் வந்தன. பெரிய திரையில் போட்டார்கள். நான், நீ.மே., டே., பிறகு காபி கொண்டுவந்துவிட்டு நின்று பார்த்த நேபாளிப் பையன்.

முதல் காம்பரா ரோஸ். இரண்டாவது கிளிப் பச்சை. மூன்றாவது பாதி ரோஸ், பாதி வெள்ளை, பெயின்ட் தீர்ந்திருக்கும். எங்கள் வீடு ஆகாய நீலம், ஜன்னலைச் சுற்றி மஞ்சள் கரை. கூரையில் பளபளவென்று புதுத் தகரம். வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்குச் சிவப்புப் பாலிஷ். கடைசிப் படத்தில் எல்லாக் குடும்பமும் குளித்துப் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறது. நடுவில் அம்மா, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில்.

டே. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "பொம்மைக் கடை," என்றான். "முடிந்தது. இதில் மீட்க ஒன்றுமில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்."

நீ.மே. உதட்டைப் பிதுக்கினாள். "எவ்வளவு ரசனை கெட்ட நிறம்!" அவள் வீட்டு வரவேற்பறைச் சுவர் அதே ஆகாய நீலம். விருந்துக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். அதற்கு ஃபிரெஞ்சில் ஏதோ பேர் சொன்னாள்.

டே. பேனாவால் பட்டியலில் மேல் லயத்தின் மேல் கோடு போடப் போனான். எனக்கு வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

"இது மேல் லயம் இல்லை."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"பக்கத்து லயம். கொழும்புக்காரன் தப்பான இடத்தை எடுத்திருக்கிறான். எல்லா லயமும் ஒரே மாதிரிதான் இருக்கும், புதிதாக வருகிறவனுக்குத் தெரியாது. நான் பிறந்த வீடு எனக்குத் தெரியாதா?"

அம்மாவின் முகம் திரையில், கும்பிட்ட கையோடு. அவளை எனக்குத் தெரியாது என்பது போல உட்கார்ந்திருந்தேன். நீ.மே.க்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. போன வருஷம்தான் படம் காட்டினேன். பங்களாவைத்தானே பார்த்தாள்.

டே. 25ஆம் தேதி தானே நேரில் போகிறானாம். அதுவரை மேல் லயம் பட்டியலில் இருக்கும்.

கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வந்து குளியல் தொட்டியை வரைந்தேன்.

ஜூலை 13, சனி

அம்மாவிடம் கத்தினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் மல்லிகா அக்கா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள், இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று.

"யாரும்மா உன்ன பெயின்ட் அடிக்கச் சொன்னது?"

"என்னா புள்ள இப்புடிக் கேக்குற? தொரை வாராருன்னா லயத்துக்கு வெள்ளையடிக்கிறது எப்பவும் உள்ளதுதானே? அழுக்கா கெடந்தா கணக்கப்புள்ள பேரு கெட்டுருமுன்னு சுண்ணாம்பு வாளிய வாசல்ல கொண்டாந்து வெப்பாங்க. இப்ப யாரு தாரா? நாங்களே வாங்கி அடிச்சோம். வெள்ளை போதாது, துபாய் ஆளுகளுக்குக் கலரு புடிக்குமுன்னு ஒந் தம்பிதான் சொன்னான்."

சந்திரன் போனைப் பிடுங்கினான். த்ரீவீலர் ஓட்டுகிறான், ஊரில் இருக்கும் எல்லா விஷயமும் தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

"ஆமாக்கா, நீ அனுப்புற போட்டோல பில்டிங்கு எல்லாம் மினுமினுன்னுதானே இருக்கு."

நூறு வருஷமாகத் துரை வந்தால் வெள்ளையடிக்கிறோம். விரிசலை மறைக்க, கரியை மறைக்க, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று காட்ட. எந்தத் துரையும் உள்ளே வந்து பார்த்ததில்லை. முதல் முறையாக ஒருத்தன் அழுக்கைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறான், அதையும் துடைத்து வைத்துவிட்டார்கள். முட்டாள்கள் என்று எழுதப் போனேன். எழுதவில்லை. பளிச்சென்று இருந்தால்தான் கொடுப்பார்கள் என்று நினைத்ததில் என்ன முட்டாள்தனம்? முட்டாள் இங்கே லினன் சட்டையில் திரிகிறான்.

சொல்லிவிட்டேன். பழசாக்க வேண்டும். பெயின்ட் அடித்த சுவடே தெரியக் கூடாது.

அம்மா போனைத் திரும்ப வாங்கினாள்.

"அழுக்கா இருந்தாத்தான் வீடு குடுப்பாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"எந்தூரு நியாயம் புள்ள இது?"

ஜூலை 15, திங்கள்

தூசிக் காற்று. எதிர்க் கட்டடமே தெரியவில்லை.

அல்கூஸ் பட்டறைக்குப் போனேன், வேறொரு வேலைக்கு மாதிரிப் பலகை பார்க்க. ஒரு மாலில் "பழைய பாரிஸ்" காபிக் கடை வைக்கிறார்கள். போன வாரம் பூசிய சுவருக்கு இந்த வாரம் வயதாக்குகிறார்கள். தேயிலைச் சாயம் தெளித்து, கரிப்பொடி தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றி, மூலையில் கொஞ்சம் உப்புப் பூக்கவைத்து. இதைத்தான் நான் வருஷக்கணக்காக "ஓகே" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பழசு வேண்டாம், பழசு போல வேண்டும் இவர்களுக்கு. அதற்குத் தனி ரேட்.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்து சந்திரனுக்கு அனுப்பினேன்.

அனுப்பிய குறிப்பு:
பெயின்ட்டைச் சுரண்டு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி போதும்.
மேலே மெல்லிய சுண்ணாம்பு. காய்ந்ததும் சாயம்.
சாயத்துக்கு ஃபாக்டரிக் கழிவுத் தூள், பெரிய அண்டாவில் காய்ச்சி.
புதுத் தகரத்தைக் கழற்று. கோழிக்கூட்டுத் தகரம் துருப்பிடித்துத்தானே கிடக்கிறது, அதைப் போடு.
டிஷ் ஆன்டெனா, பிளாஸ்டிக் கதிரை, காலண்டர் எல்லாம் கீழ் லயத்துக்கு.
அடுப்பில் பச்சை விறகு. ஜன்னலைச் சாத்து.

"தெளிக்கிறதுக்கு மருந்தடிக்கிற டாங்க் எடுத்துக்கவா?" என்று சந்திரன். பரவாயில்லை, மூளை இருக்கிறது.

ஜூலை 20, சனி

நாலு மணி நேரம் வீடியோ கால். ஊரில் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று, எல்லாம் சீக்கிரம் காய்கிறது. அது ஒன்றுதான் நல்ல விஷயம்.

லயம் முழுக்கச் சேர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் முதல் காம்பரா மாமா மட்டும் முடியாது என்று நின்றாராம், சாமி மாடத்தைச் சுற்றிப் பளிங்குக் கல் ஒட்டியிருக்கிறார். அம்மாதான் பேசி மசியவைத்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "சாமிக்கும் பத்திரம் வேணுமுல்ல, அண்ணேன்னேன்."

நான் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு உத்தரவு போட்டேன். இன்னும் கொஞ்சம் கறுப்பு. அந்த மூலை ரொம்பச் சுத்தம். நீலம் எட்டிப் பார்க்கிறது, சுரண்டு. அம்மா புகையில் இருமிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு கட்டத்தில் "அழகு" என்று சொன்னேன், கரிப் பிடித்த சுவரைப் பார்த்து. டே.யின் குரல் அப்படியே என் வாயில். தூ.

பிறகு தரை.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் அனுப்பிய காசில் போட்ட டைல்ஸ். சந்தன நிறம், மூலையில் சின்னப் பூ. போட்ட அன்று லயமே வந்து பார்த்தது. அம்மா அதன் மேல் யாரையும் செருப்போடு விடமாட்டாள். சாணி மெழுகிய தரையில் பிறந்து, குந்தி, படுத்து, அறுபது வயதில்தான் அவளுக்கு ஒரு தரை வந்தது. டே.யின் அறிக்கையில் இதற்கெல்லாம் ஒரு பேர் உண்டு: பொருத்தமற்ற பிற்காலச் சேர்க்கை.

மேலே பாய் விரித்து மறைத்தால் என்ன என்றேன். தூக்கிப் பார்த்தால் என்று சந்திரன். சரியாகத்தான் கேட்டான், டே. தூக்கிப் பார்க்கிற ஜாதிதான்.

சந்திரன் அலவாங்குக் கம்பியை எடுத்தான். அம்மா, "குடு, நானே செய்றேன்," என்று வாங்கிக்கொண்டாள். போனை ஜன்னல் திண்டில் சாய்த்து வைத்திருந்தார்கள், அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதல் இடியில் உடையவில்லை. நல்ல டைல்ஸ். இரண்டாவது, மூன்றாவது. நான் போனைத் துண்டித்துவிட்டேன். பார்க்க முடியவில்லை.

மல்லிகா அக்கா தடுப்பின் மேலாக ஒரு டம்ளர் டீ நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பற்றி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ஜூலை 25, வியாழன்

டே. லயத்தைப் பார்க்கும் நாள். ஒரு கோடுகூட நேராக வரவில்லை. மூன்று மணிக்கு சந்திரன் போன்.

"அக்கா, வந்துட்டுப் போய்ட்டாரு!"

"என்னடா சொன்னான்?"

"செவுத்தத் தடவித் தடவிப் பாத்தாரு. அப்புறம் மோந்து பாத்தாரு. எனக்கு உசுரே போயிருச்சு. ‘டீ வாசம் வருது’ன்னு கூட வந்தவர்கிட்ட சொன்னாரு. நேத்துத்தான் கடைசிச் சாயம் அடிச்சோம். கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டு நின்னாரு. அப்புறம் அம்மா கையப் புடிச்சு நல்லாருக்கு நல்லாருக்குன்னாரு."

"அம்மா என்ன செஞ்சாங்க?"

"சாயத் தண்ணி ஊத்திக் குடுத்துச்சு. அவரு பிளேன்டீய குடிச்சுப்புட்டு, இந்த மாதிரி டீ குடிச்சதே இல்லேன்னாராம். அக்கா, நெஜமாத்தான் கேக்குறேன், அண்டாவுல மிச்சமிருந்ததக் குடுத்திருக்குமோ?"

சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்து மேஜை ஃபிலிப்பைன்ஸ்காரி எட்டிப் பார்த்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

டே.யின் அறிக்கை. நாற்பது பக்கம். அதில் ஒரு வரியை அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்: "நூறாண்டுத் தேயிலையின் வாசம் இச்சுவர்களிலேயே ஊறியிருக்கிறது."

இன்னொரு வரி: "இங்கு வாழ்வோர் தம் முன்னோர் விட்டுச்சென்றதில் எதையும் மாற்ற விரும்பியதில்லை."

அதன் கீழே அம்மாவின் படம். அடுப்பு முன்னால், புகையில், பழைய சேலையில். கல்யாணச் சேலையில் நின்று கும்பிட்டபோது பொம்மைக் கடை. இப்போது முழுப் பக்கம். இரண்டும் ஒரே முகம் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி ஒப்புக்கொண்டார். மேல் லயம் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. புது வீடுகளும் சேர்ந்துவிட்டன, காகிதத்தில் கண்ணாலேயே பார்த்தேன். நீ.மே. கேக் வெட்டினாள். "உன் கண்ணுதான் யோகா, தப்பான லயம்னு நீ சொல்லலேன்னா!" என்று எனக்கு முதல் துண்டு. தின்றேன். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன்.

கீழே கஃபடீரியா வைத்திருக்கும் கீழக்கரைக்காரருக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஊரில் அண்ணனுக்குக் காக்கா. "என்னம்மா விசேஷம்?"

"எங்க அம்மாவுக்கு வீடு வருது, காக்கா."

"மாஷா அல்லாஹ்! இன்னைக்கு டீ நம்ம கணக்கு."

அம்மாவிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "எம்பேர்லயா? ஒங்கப்பா பேர்ல இல்லையே? அவரு இல்லேல்ல இப்ப," என்றாள். உன் பேரில்தான் என்றேன். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேலை அட்டவணைக் கூட்டம். குறிப்பெடுக்க உட்காரவைத்தார்கள்.

முதல் கட்டம்: பங்களா, தோட்டப்பாதை, நாய்க் கல்லறை வேலி, நீச்சல் குளம்.
இரண்டாம் கட்டம்: மேல் லயம், புதுக் குடியிருப்பு. முதல் கட்டத்தில் ஒரு சீசன் வருமானம் வந்த பிறகு.

எப்போது என்று கேட்டேன். அடுத்த வருஷக் கடைசி என்றாள் நீ.மே. அல்லது அதற்கடுத்த வருஷம். முதலாளிக்கு அவசரமில்லையாம்.

"இந்த ஐப்பசியிலேயே மழை வரும் மேடம். பின் சுவர் வெடித்திருக்கிறது. மண்சரிவுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள்."

டே. முன்னால் சாய்ந்தான். அதைத்தான் பேச வந்தானாம். இன்று முதல் மேல் லயத்தில் யாரும் எதுவும் செய்யக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது, பூசக் கூடாது, சிமென்ட் வைக்கவே கூடாது. இவ்வளவு காலம் கெடாமல் வைத்திருந்தவர்கள் ஆர்வக்கோளாறில் கெடுத்துவிடக் கூடாதே. ஒரு காவல்காரனைப் போட்டாயிற்று. விரிசலைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்த விரிசல் நேர்மையான விரிசல்," என்றான்.

நேர்மையாம். செருப்பால் அடிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அந்தச் சாயம் நாங்கள் அடித்தது, அந்தக் கரி நாங்கள் பிடிக்கவைத்தது என்று. சொன்னால் காவல் போகும். லயமும் பட்டியலிலிருந்து போகும், அதோடு வீடும் பத்திரமும். வேலையும் போகும், அது கிடக்கட்டும். சொல்லவில்லை. "காவல்காரர் – இன்று முதல்" என்று குறிப்பில் எழுதினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஈரக் காற்று. ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்புறம் வியர்க்கிறது.

நாளை காலைக்குள் மேல் லயத்தின் பின்சுவர் வரைபடம் வேண்டும் என்று நீ.மே. செய்தி. விரிசலையும் அளவோடு வரைய வேண்டும். மீட்கும்போது மேஸ்திரிகள் அடைத்துவிடக் கூடாதாம், அப்படியே காட்ட வேண்டுமாம், கண்ணாடி போட்டு.

சந்திரனைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தான்.

"சீமெந்து ஒரு மூட வாங்கியாந்து அடைக்கலாமுன்னு பாத்தேன். அந்த வாச்சர் மூடையத் தூக்கிட்டுப் போய் ஆபீஸ்ல வெச்சுட்டான். துபாய் ஆர்டராம். என்னாக்கா, ஒங்க ஆர்டரா?"

"செவுத்துக்கு முட்டாவது குடுத்திருக்கலாம்ல, ரெண்டு மரம் வெட்டி?"

"அதுக்கும் விட மாட்டேங்குறான். ஏதும் வெச்சா போட்டோ எடுத்து அனுப்பணுமாம். வெறும் மண்ணுத் தரைல அம்மாவுக்கு முட்டி ஊதிப்போச்சு. ராத்திரி ரெண்டு நாளா இடி இடிக்குது, இன்னும் மழ எறங்கல. நாங்க இப்ப எல்லாரும் வாசப்பக்கமாத்தான் படுக்குறோம்."

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேலைதான். விரிசல் எவ்வளவு அகலம், அளந்து சொல் என்றேன்.

அடிமட்டம் தேடினான், கிடைக்கவில்லை. "என் கை உள்ள போகுதுக்கா. மணிக்கட்டு வரைக்கும். அந்தப் பக்கத்துக் காத்து வெரல்ல படுது."

கை என்று எழுதிக்கொண்டேன்.

அம்மா போனை வாங்கினாள். முகம் தெரியவில்லை, கரிச் சுவர்தான் தெரிந்தது.

"அவன் கெடக்கான் புள்ள, நீ மனச விட்டுறாத. மழைக்குள்ள வீடு வந்துரும்ல? ஒங்க மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.